ரெக்கார்டு அட்டைக்குள் இருக்கிறது

எங்க அண்ணனை நான் ‘அவன்’னுதான் சொல்லுவேன். அண்ணியை மட்டும் ‘அவங்க’. கூடப் பிறந்தவனுக்கு இல்லாத மரியாதை கட்டிக்கிட்டு வந்தவளுக்கு எதுக்குன்னு அண்ணனே ஒருநாள் கேட்டான். மரியாதை கேட்டு வாங்கறது இல்லடா, தானா வர்றதுன்னு சொன்னேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு மாடிக்குப் போயிட்டான். போகட்டும். இதைக் கேட்டு முடிச்சதும் நீங்களும் அண்ணியை ‘அவங்க’ன்னுதான் சொல்லுவீங்க.

அண்ணி பழைய ரெக்கார்டு விக்கிறாங்க. கறுப்பா, வட்டமா, ஊசி வச்சா பாடுமே, அந்த ரெக்கார்டு. கடை கிடையாது, போர்டு கிடையாது. கம்ப்யூட்டர்ல ஒரு விற்பனை சைட், அதுல அண்ணிக்குன்னு ஒரு பக்கம், அவ்வளவுதான். எங்கெங்கேயோ இருக்கறவங்க அதைப் பார்த்து வாங்குவாங்க. அண்ணி பார்சல் கட்டித் தபால்ல அனுப்புவாங்க. கேக்க லேசா இருக்குல்ல? ஒரு வாரம் செஞ்சு பாருங்க, அப்புறம் பேசலாம்.

இதெல்லாம் ஆரம்பிச்சது ஒரு கட்டிலால. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ரிப்பேருக்குப் போற கட்டடத்துல எல்லாம் யாராவது வீடு காலி பண்ணிக்கிட்டே இருப்பாங்க. வேண்டாம்னு அவங்க ஒதுக்கற ரெக்கார்டை எல்லாம் இவன் அள்ளிக்கிட்டு வந்துடுவான். கொண்டு வர்றதுலதான் ஆசை, போட்டுக் கேக்கறதுல பாதி ஆசை கூட கிடையாது. ஹால் நிறைஞ்சுது, பீரோ மேல நிறைஞ்சுது, குளியலறைக் கதவு பாதிதான் திறக்கும், ஒல்லியா இருக்கறவங்க மட்டும் குளிக்கலாம். கடைசியில கட்டிலைக் கழட்டிச் சுவரோரம் சாய்ச்சு வச்சாச்சு. அண்ணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு ஒருநாள் கேட்டாங்க: “இந்த வீட்டுல நான் படுக்கணுமா, உங்க ரெக்கார்டு படுக்கணுமா?”

அண்ணன் உடனே பதில் சொல்லல. யோசிச்சான். யோசிச்சானே, அதைச் சொல்லுங்க!

அன்னைக்கே அண்ணி விக்க ஆரம்பிச்சுட்டாங்க. அதுக்கு முன்னாடி அவங்க ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை பார்த்தவங்க. கண்ணாடியை விளக்குக்கு நேரா சாய்ச்சுப் பிடிச்சு, முடி அளவு கீறல் இருந்தாலும் கண்டுபிடிச்சுடற கண்ணு. அந்தக் கண்ணு ரெக்கார்டுக்கு அப்படியே ஒத்து வந்துது. ஆனா கண்ணு மட்டும் போதாதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க. கண்ணுக்குத் தெரியற கீறல் காதுக்குக் கேக்காம இருக்கும், கண்ணுக்குத் தெரியாதது ‘கர கர’ன்னு உயிரை வாங்கும். அதனால விக்கப் போற ஒவ்வொரு ரெக்கார்டையும் முதல்ல இருந்து கடைசி வரைக்கும், ரெண்டு பக்கமும், உட்கார்ந்து கேப்பாங்க. மத்த விற்பனைக்காரங்க ‘நல்ல நிலை’ன்னு ரெண்டு வார்த்தை போட்டுட்டுப் போயிட்டே இருப்பாங்க. எங்க அண்ணி எழுதறதைக் கேளுங்க: ‘மூணாவது பாட்டு முடியற இடத்துல எண்ணெய்ச் சட்டியில தண்ணி பட்ட மாதிரி சத்தம் வரும். கவரோட கீழ் மூலையில டீ கறை இருக்கு. துடைச்சுப் பார்த்தேன், போகல.’

“ஏன் அண்ணி, இப்படி எல்லாக் குறையையும் நீங்களே சொல்லிட்டா எவன் வாங்குவான்?” நான் கீழ் வீட்டுல தையல் கடை வச்சிருக்கேன். என் துணியில ஒரு தையல் விலகினா நான் வாயே திறக்க மாட்டேன், அந்த எண்ணத்துல கேட்டேன்.

“கீறல் இருந்தா இருக்குன்னு சொல்லிடணும். எதைச் சொல்லணும், எதை விடணும்னு முடிவு பண்ண நான் யாரு?” அப்படின்னுட்டு அடுத்த ரெக்கார்டுல ஊசியை வச்சாங்க.

அப்புறம் என்ன, வாங்கறவங்க வரிசை கட்டி நின்னாங்க. அவங்க ஒவ்வொருத்தருக்கும் அண்ணி ஒரு பேர் வச்சிருந்தாங்க. எது வாங்கினாலும் ‘கவர்ல பூஞ்சை வாசனை வருமா, மோந்து பார்த்துச் சொல்லுங்க’ன்னு கேக்கறவர் மோப்பக்காரர். அவருக்காக அண்ணி நிஜமாவே மோந்து பார்த்துத்தான் சொல்லுவாங்க. வாங்கற எண்ணமே இல்லாம வருஷக்கணக்கா விலை மட்டும் கேட்டுக்கிட்டு இருக்கற ஒருத்தர் ‘கடைசி விலை’. வாங்கிட்டு, பொண்டாட்டிக்குத் தெரியக் கூடாதுன்னு ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்பச் சொல்ற ஒருத்தர் தலைமறைவு. “இவரோட வீட்டம்மாவை நினைச்சா எனக்குப் பாவமா இருக்கு. நானும் அந்த நிலைமையில இருந்தவதானே”ன்னு அண்ணி சொல்லுவாங்க. அண்ணன் காதுல விழாத மாதிரி நடப்பான்.

பார்சல் கட்டறது தனிக் கலை. ஆரம்பத்துல ஒரு தடவை, ரெக்கார்டைக் கவருக்குள்ள வச்சபடியே அனுப்பிட்டாங்க. வழியில யாரோ பார்சலைத் தூக்கிப் போட்ட வேகத்துல ரெக்கார்டோட விளிம்பு கவரைக் கத்தி மாதிரி கிழிச்சுக்கிட்டு வெளியே வந்துடுச்சு. பழைய ரெக்கார்டு சேக்கறவங்களுக்குக் கவர் கிழிஞ்சா பாதி உயிர் போன மாதிரி. அதுல இருந்து அண்ணி ரெக்கார்டைக் கவர்ல இருந்து வெளியே எடுத்துடுவாங்க. மெல்லிசு உறையில போட்டு, ரெண்டு தடி அட்டைக்கு நடுவுல வச்சு, நாலு பக்கமும் டேப் ஒட்டிடுவாங்க. காலிக் கவர் தனியா, அட்டைக் கட்டு தனியா, ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ள. அட்டை எல்லாம் முனைக்கடை ஃபிரிட்ஜ் பெட்டியில இருந்து வெட்டினது. ஆள் ஏறி நின்னாலும் வளையாது. அட்டை மேல தடி பேனாவால பெருசா எழுதுவாங்க: ‘ரெக்கார்டு இதற்குள் இருக்கிறது.’ தெரியாம யாரும் தூக்கிப் போட்டுடக் கூடாதே!

தபால் ஆபீஸ்ல கவுண்டர்ல இருக்கற பொண்ணு அந்தப் பெட்டியைத் தட்டிப் பார்த்துட்டு, “ரெக்கார்டம்மா பார்சலுக்கு மட்டும் நான் பயப்படவே மாட்டேன்”னு சொல்லும். அதைக் கேட்டுட்டு வந்த நாள்ல அண்ணி ஒரு மாதிரி நிமிர்ந்து நடப்பாங்க. எனக்கும் சந்தோஷமா இருக்கும். இத்தனை வருஷத்துல அவங்க பக்கத்துல ஒருத்தர் கூட ஒரு கெட்ட வார்த்தை எழுதினது கிடையாது. அதான் அவங்க சொத்து.

அந்தச் சொத்துக்குத்தான் வேட்டு வச்சாரு ‘உடனே’.

அவரோட ஒவ்வொரு செய்தியும் ‘உடனே’ன்னுதான் ஆரம்பிக்கும். உடனே விலை சொல்லவும். உடனே படம் அனுப்பவும். உடனே அனுப்பவும். அண்ணி பதில் எழுதறதுக்குள்ள ‘ஏன் பதில் இல்லை’ன்னு அடுத்தது வந்து விழும். அவர் கேட்டது ஒரு பெண்கள் பாட்டுக் குழு பாடின ரெக்கார்டு. ஏதோ சின்னக் கம்பெனி கொஞ்சமா அச்சடிச்சு, அதோட விட்டுட்டது. கவர்ல ஒரே மாதிரி உடுப்புல வரிசையா பொண்ணுங்க. ஒருத்தர் பேரும் கிடையாது, மொத்தமா ‘குழுவினர்’னு ஒரே வார்த்தை. அது அண்ணனோட செல்ல ரெக்கார்டு. அவன் போட்டுக் கேக்கற கொஞ்சத்துல அதுவும் ஒண்ணு.

அண்ணி வழக்கம் போலக் கேட்டு, வழக்கம் போல எழுதினாங்க. ‘முதல் பக்கம் இரண்டாவது பாட்டு தொடங்கும்போது மூணு தடவை டப், டப், டப்னு சத்தம் வரும், யாரோ கதவைத் தட்டற மாதிரி. ரெண்டாவது பக்கம் கடைசிப் பாட்டுல, எல்லாரும் சேர்ந்து எடுக்கற இடத்துல, ஒரு பொண்ணு மட்டும் அரை மூச்சு முந்திடறாங்க. அது ரெக்கார்டோட குறை இல்லை. பாடினவங்க அவசரம்.’

“இதையுமா எழுதுவாங்க?”ன்னு சிரிச்சேன்.

“காதுல விழுந்துதே”ன்னாங்க.

‘உடனே’ உடனே வாங்கிட்டாரு. பார்சல் கட்டற அன்னைக்கு அண்ணன், பொண்ணைக் கட்டிக் கொடுத்து அனுப்பற அப்பன் மாதிரி சுத்திச் சுத்தி வந்தான். “நானும் ஏதாவது பண்றேனே”ன்னு கெஞ்சினான். சரி, பாவம்னு அண்ணி ஸ்டிக்கர் ஒட்டற வேலையை அவன்கிட்ட கொடுத்துட்டு அடுப்பை அணைக்கப் போனாங்க. ‘கவனம் – உடையும் பொருள்’னு சிவப்பு ஸ்டிக்கர். பெட்டி மேல மட்டும்தான் ஒட்டணும். இவன் பாசத்துல உள்ள இருந்த அட்டைக் கட்டு மேலயும் பெருசா ஒண்ணு ஒட்டிட்டு, பெட்டியை மூடி டேப்பும் போட்டுட்டான். அது அப்போ எங்களுக்குத் தெரியாது.

ஒரு வாரம் கழிச்சு, நான் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கிட்டு இருக்கேன், மேல இருந்து அண்ணி என்னைக் கூப்பிட்டாங்க. குரலே சரியில்ல. ஓடிப் போய்ப் பார்த்தா, கம்ப்யூட்டர் முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. சைட்ல அவங்களோட பக்கத்துல, ஊர் உலகமே பாக்கற இடத்துல, அந்த ஆள் எழுதி வச்சிருக்காரு: ‘வந்தது காலிக் கவர். உள்ளே ரெக்கார்டு இல்லை. இதில் பாடியவர்களில் ஒருவர் என் அம்மா. அவர் பிறந்த நாளுக்காக எத்தனையோ வருஷம் தேடி வாங்கினேன். இவள் ஏமாற்றுக்காரி. யாரும் வாங்காதீர்கள்.’

அதுக்குக் கீழே சைட்காரங்க ஒரு வரி. புகார் தீர்ற வரைக்கும் அண்ணியோட பக்கம் மூடி இருக்கும், பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டா விஷயம் முடிஞ்சதா எடுத்துக்குவோம்னு.

எனக்கு வந்துதே கோவம்! எவன் அவன், யாரைப் பார்த்து என்ன வார்த்தை சொல்றான்னு கத்தினேன். நாக்குல நரம்பில்லன்னா எப்படி வேணா வளையுமான்னு கத்தினேன். என் சத்தம் கேட்டு எதிர் வீட்டு ஜன்னல் திறந்துது.

அண்ணன் வந்து படிச்சுட்டு, “கொடுத்துத் தொலைச்சுடு. போனா போகுது, சனியன் விட்டுதுன்னு இரு”ன்னான்.

“கொடுத்தா என்ன அர்த்தம்?”னு அண்ணி கேட்டாங்க. “நான் காலிக் கவர்தான் அனுப்பினேன்னு நானே ஒத்துக்கிட்டதா அர்த்தம். அது கூடப் போகட்டும். பணம் போனா அவர் கைக்குப் பணம் வந்துடும். அவங்கம்மா குரல் வருமா? அது எங்கேயோ கிடக்குதே!”

இங்கதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்துது. மறைப்பானேன், அண்ணிக்கும் வந்துது, அவங்க கண்ணுலயே தெரிஞ்சுது. ஏன்னா அண்ணன் மேல பழைய கேஸ் ஒண்ணு இருக்கு. முன்னாடி ஒருதரம், கட்டி வச்ச பார்சலைப் பிரிச்சு, பிரிய மனசில்லாம ரெக்கார்டை எடுத்துப் பீரோவுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சுக் கையும் களவுமா மாட்டினவன்.

அண்ணி திரும்பி அவனைப் பார்த்தாங்க. “என்னங்க, உண்மையைச் சொல்லுங்க. நீங்க எடுத்தீங்களா?”

அண்ணன் முகம் சுருங்கிப் போச்சு. அப்புறம் சொன்னான்: “அன்னைக்கு எடுத்தேன், திட்டு வாங்கினேன். உன் பேரு இவ்வளவு பெருசானதுக்கு அப்புறம் நான் எடுப்பேனா? எடுத்தாதான் என்னால சும்மா வச்சிருக்க முடியுமா? போட்டுக் கேட்டிருக்க மாட்டேன்? இந்த வீட்டுல பாட்டை ஒளிச்சு வைக்க முடியுமா?”

பாயிண்ட்தான். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சாலும் மறைக்கலாம், ஓடற ரெக்கார்டை எங்க மறைக்க?

“நான் ஒட்டினது ஸ்டிக்கர் மட்டும்தான்”னு சொன்னான். “அது கூட அழகா, நடு மத்தியில, அட்டையில ஏதோ கிறுக்கியிருந்துதே, அது தெரியாதபடி நேரா அது மேல…”

அண்ணி எழுந்து நின்னுட்டாங்க. “எந்த அட்டை?”

“உள்ள இருந்த அட்டை.”

“கிறுக்கியிருந்துதா? அது நான் எழுதினதுங்க! ‘ரெக்கார்டு இதற்குள் இருக்கிறது’ன்னு நான் எழுதினதுங்க அது!”

மூணு பேருக்கும் ஒரே நேரத்துல விளங்கிடுச்சு. இவன் எழுத்தை மறைச்சுட்டான். அந்த அவசரக்காரர் பெட்டியைக் கிழிச்சாரு, கவரைத் தூக்கினாரு, உள்ள பார்த்தாரு, காலி. கூட இருந்தது ‘கவனம்’னு ஒட்டின வெறும் அட்டை. தூக்கிக் கடாசியிருப்பாரு. அவசரத்துல அண்டாவுக்குள்ள கூட கை நுழையாதுன்னு சும்மாவா சொன்னாங்க!

அண்ணன் தலையில கையை வச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டான். அண்ணி அவனைத் திட்டல. திட்டியிருந்தா அவனுக்கும் நல்லா இருந்திருக்கும். “உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன், மனசுல வச்சுக்காதீங்க”ன்னு மட்டும் சொல்லிட்டு, பார்சல் விலாசத்துல இருந்த நம்பரைப் பார்த்துப் போன் போட்டாங்க. நானும் கேக்கணும்னு ஸ்பீக்கர்ல போடச் சொன்னேன்.

“ஐயா, நான் ரெக்கார்டு அனுப்பினவ பேசறேன்.”

“ரெக்கார்டா? கவர் அனுப்பினவன்னு சொல்லுங்க” அப்படின்னாரு எடுத்த எடுப்புலயே. நான் வாயைத் திறந்தேன். அண்ணி கையைக் காட்டி அடக்கிட்டாங்க.

“கவரோட ஒரு அட்டை வந்துதுங்களா? நாலு பக்கமும் டேப் போட்டு, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி?”

“வந்துது. அதுக்கென்ன?”

“அதை என்ன பண்ணினீங்க?”

“அட்டையை என்ன பண்ணுவாங்க? குப்பையில போட்டேன். வண்டி வந்து அள்ளிட்டுப் போய் எத்தனை நாள் ஆச்சு. இப்ப அட்டைக்கும் காசு கேக்கப் போறீங்களா?”

அண்ணி கண்ணை மூடிக்கிட்டாங்க. திறந்தப்ப அவங்க கண்ணு கலங்கியிருந்துது. தன் பேருக்காக அழற ஆள் இல்ல அவங்க, எனக்குத் தெரியும்.

“ஐயா, உங்கம்மா குரல் அந்த அட்டைக்குள்ளதான் இருந்துது” அப்படின்னாங்க.

மெதுவா, “என்ன சொல்றீங்க…”ன்னு ஒரு குரல் வந்துது, சின்னப் பையன் குரல் மாதிரி. அண்ணி விளக்கினாங்க. ஏன் கவர்ல வைக்கல, ஏன் அட்டைக்குள்ள வச்சோம், எழுதினது எப்படி மறைஞ்சுது, எல்லாம். தப்பு எங்க பக்கமும் இருக்குன்னு ஸ்டிக்கர் கதையையும் ஒளிக்காம சொன்னாங்க. அவரு ‘ஐயோ, ஐயோ’ன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தாரு.

அப்பத்தான் பின்னாடி இருந்து ஒரு வயசான குரல். “யாருடா போன்ல? எந்த அட்டையைப் பத்திப் பேசறே?”

“ஒண்ணும் இல்லம்மா. நீ போய் உட்காரு.”

“சிவப்பா ஒட்டியிருந்த அட்டையா?”

நாங்க மூணு பேரும் போன் மேல குனிஞ்சோம்.

“அதை நான் அன்னைக்கே குப்பையில இருந்து எடுத்துட்டேனே. அவ்வளவு கெட்டியான அட்டையை எவனாவது வீசுவானா? உனக்குச் சாமானோட அருமை என்னைக்குத் தெரிஞ்சுது?”

“எங்கம்மா வச்சே? எங்க?”

“என் நாற்காலியிலதான். குஷன் அமுங்கிப் போச்சு, புதுசு வாங்கிக் கொடுன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுது. நீ வாங்கித் தரல. குஷனுக்கு அடியில அட்டையைப் போட்டேன், இப்ப உயரம் கச்சிதமா இருக்கு.”

அண்ணன் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டான். “மேல உட்கார்ந்துட்டாங்களா? தினமுமா?”

“நாற்காலி பிரம்பா, பலகையா?”ன்னு அண்ணி கேட்டாங்க. பலகைன்னு பதில் வந்துது. அண்ணிக்கு மூச்சே அப்பத்தான் வந்துது. “அப்ப ஒண்ணும் ஆகியிருக்காது. ஐயா, பிய்க்காதீங்க. கையால இழுக்கவே இழுக்காதீங்க. கத்தியோட முனையால டேப்பை மட்டும் கீறுங்க. நாலு பக்கமும். மெதுவா.”

மெதுவாவாம், அந்த மனுஷனுக்கு! ஆனா செஞ்சாரு. டேப் கிழியற சத்தம் ஒவ்வொண்ணா எங்களுக்குக் கேட்டுது. “இதென்னடா, உள்ள தட்டு?”ன்னு அம்மா கேட்டதும் கேட்டுது.

“ஜன்னல் பக்கம் கொண்டு போய் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. வளைஞ்சிருக்கா? விரிசல் இருக்கா?”

“இல்லம்மா.” இன்னொரு பக்கமும் திருப்பிப் பார்த்திருப்பாரு. “ஒண்ணுமே இல்லம்மா. கண்ணாடி மாதிரி இருக்கு.”

எனக்கு அப்படியே ஏறி நின்னு கத்தணும் போல இருந்துது. ஃபிரிட்ஜ் பெட்டி அட்டை! எங்க அண்ணி கையால வெட்டி, எங்க அண்ணி கையால டேப் போட்டது! ஒரு முழு மனுஷி மேல உட்கார்ந்தும் ஒரு விரிசல் இல்ல!

“போடுங்க”ன்னாங்க அண்ணி.

போட்டாரு. முதல் பாட்டு முடிஞ்சுது. ரெண்டாவது தொடங்கும்போது அண்ணி விரலை மடக்கி மேஜையில வச்சாங்க. போன்ல டப், டப், டப்னு வர, அதே நேரத்துல மேஜையில டொக், டொக், டொக்குனு தட்டினாங்க. “நான் அனுப்பினதுதான்” அப்படின்னாங்க, புகார் பண்ணினவருக்குக் கூட இல்ல, தனக்குத்தானே.

ரெக்கார்டை ரெண்டாவது பக்கம் திருப்பிப் போட்டாரு. கடைசிப் பாட்டு. அத்தனை பொண்ணுங்களும் சேர்ந்து எடுக்கற இடம். ஒரு குரல் மட்டும் அரை மூச்சு முந்தி, குபுக்குனு வெளியே வந்துது.

“ஐயையோ!” அந்தம்மா சத்தமாவே சொல்லிட்டாங்க. “அது நான்தான்! நான் முந்திட்டேன்!” சிரிக்கறாங்களா அழறாங்களான்னு எங்களுக்குப் புரியல. “பாட்டு வாத்தியார் அன்னைக்கு என்னைத் திட்டித் தீர்த்துட்டாரு. உன் ஒருத்தியால எல்லாருக்கும் கெட்ட பேருன்னாரு. அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போனேன். அப்புறம் கூட்டத்துல யாருக்குக் கேக்கப் போகுதுன்னு நானே மனசைத் தேத்திக்கிட்டேன்.”

“அம்மா,” அந்த மகன் சொன்னாரு, “இவங்க எழுதியிருந்தாங்கம்மா. ஒரு பொண்ணு முந்திடறாங்கன்னு. பாடினவங்க அவசரம்னு. நான்தான் அவசரத்துல சரியாப் படிக்கல.”

போன் கை மாறிச்சு. “நீதான் அதைக் கேட்டு எழுதினியாம்மா?”

“ஆமாம்மா. காதுல விழுந்துது, எழுதினேன்.”

“அந்த ரெக்கார்டுல எங்களுக்குப் பேரே கிடையாது. எல்லாரும் கும்பலாத்தான் கேட்டாங்க. என் குரலைத் தனியாக் கேட்டவ நீ ஒருத்திதான்.”

முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டாங்க. அண்ணன் போன்கிட்ட குனிஞ்சு, “அம்மா, ஸ்டிக்கர் ஒட்டினது நான்தான்”னான். இவனை யாரு கேட்டா? அந்தம்மா, “நல்லா ஒட்டியிருந்தியேப்பா, அதைப் பார்த்துத்தான் நல்ல அட்டைன்னு எடுத்தேன்”னுட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் அதைச் சொல்லிக்கிட்டுத் திரியறான். இவனாலதான் ரெக்கார்டு பிழைச்சுதாம்!

மகன் திரும்பப் போனை வாங்கினாரு. “உங்ககிட்ட என்ன சொல்றதுன்னு தெரியலம்மா. நான் எழுதினது பெரிய தப்பு. உடனே அழிச்சுடறேன். இப்பவே.”

“அழிக்க வேண்டாம்” அப்படின்னாங்க அண்ணி.

நான் அவங்க கையைக் கிள்ளினேன். பைத்தியமா உங்களுக்குன்னு வாயசைச்சேன். அவங்க என்னைக் கண்டுக்கவே இல்ல.

“அது அங்கேயே இருக்கட்டும். அதுக்குக் கீழே நடந்ததை எழுதுங்க. கீறல் இருந்தா இருக்குன்னு சொல்றதுதான் என் வழக்கம். என் பேர்ல விழுந்ததுக்கு மட்டும் நான் வேற நியாயம் வச்சுக்க முடியாது. நிதானமா எழுதுங்க, அவசரமே இல்ல.”

அவர் எழுதி அனுப்ப மறுநாள் ஆச்சு. அந்த மனுஷன் வாழ்க்கையில நிதானமா செஞ்ச முதல் வேலை அதுவாத்தான் இருக்கும். பக்கம் திறந்துது. இப்ப அண்ணி அட்டையோட ரெண்டு பக்கமும் எழுதறாங்க, அண்ணன் மூலையில மட்டும் ஒட்டறான். நேத்து புதுசா ஒருத்தர் வாங்க வந்து, ‘உங்க பக்கத்துல ஏமாற்றுக்காரின்னு ஒருத்தர் எழுதியிருக்காரே’ன்னு கேட்டாரு. அண்ணி பதில் எழுத உட்கார்ந்தாங்க. நான் அவங்களை நகத்திட்டு நானே தட்டினேன்: ‘ஆமாம், எழுதியிருக்காரு. கீழேயும் படிங்க.’

கீழே இப்படி இருக்கு:

‘மேலே நான் எழுதியது பொய். ரெக்கார்டு அட்டைக்குள் இருந்தது. என் அம்மா நான்கு நாள் தன் குரலின் மேலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு கீறல் இல்லை. இவர் சொன்ன மூன்று சத்தமும் சொன்ன இடத்தில் இருக்கின்றன. சொன்ன இடத்தில் என் அம்மாவும் இருக்கிறார்.’